ஹூண்டாய் தன் கெட்ட பெயரை எப்படிக் கழுவியது: வாரண்டியாலா, காராலா?

கேள்வி இதுதான்: 1990-களில் அமெரிக்காவில் சிரிப்புக்கு இடமாக இருந்த ஹூண்டாய், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தரமான கார் என்று எப்படிப் பெயர் வாங்கியது? 10 வருட வாரண்டி என்ற விளம்பர வித்தைதான் காரணமா, இல்லை கார் உண்மையிலேயே மாறியதா?

கார் உண்மையிலேயே மாறியது. ஆனால் அந்த வாரண்டி இல்லாமல் அவ்வளவு வேகமாக மாறியிருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். வாரண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது வாங்குபவரை எப்படி இழுத்தது என்று மட்டும் பார்க்கிறார்கள். தொழிற்சாலைக்கு அது என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுங் ஜூ-யுங் 1967-ல் ஹூண்டாய் மோட்டாரைத் தொடங்கியபோது அவர்களுக்குக் கார் செய்யத் தெரியாது. ஃபோர்டின் கார்ட்டினா காரைத் தென் கொரியாவின் உல்சான் நகரில் பாகங்களைப் பொருத்தி விற்றார்கள். சொந்தப் பெயரில் வந்த முதல் கார் போனி. 1974-ல் டூரின் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். வடிவம் இத்தாலியின் ஜியூஜியாரோ, எஞ்சின் மிட்சுபிஷி, வழிகாட்ட பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து வந்த ஜார்ஜ் டர்ன்புல். அந்தப் போனி 1984-ல் கனடாவுக்குப் போனது. 5,000 விற்றால் போதும் என்று நினைத்துப் போனவர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு விற்றது. அப்புறம் கனடாவின் குளிரும், பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பும் அந்தத் தகரத்தைத் தின்ன ஆரம்பித்தன. ஆனால் துருப்பிடித்தது கண்ணுக்குத் தெரியச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் ஹூண்டாய் அமெரிக்காவுக்கே போய்விட்டது.

1986-ல் எக்ஸல் என்ற கார் 4,995 டாலருக்கு வந்தது. முதல் வருடமே 1,68,882 விற்பனை. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தக் கார் கம்பெனியும் முதல் வருடத்தில் அதற்கு முன் அவ்வளவு விற்றதில்லை. அடுத்த வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. இந்த வெற்றிதான் பெரிய கேடாக முடிந்தது என்பது என் கணிப்பு. மெதுவாக விற்றிருந்தால் குறைகள் தெரிந்து, திருத்திக்கொண்டே போயிருக்கலாம். ஒரே மூச்சில் நாலு லட்சம் வீட்டு வாசலில் அரைவேக்காட்டுக் காரை நிறுத்திவிட்டால், நாலு லட்சம் குடும்பங்கள் அதே கதையை ஊர் முழுக்கச் சொல்லும். எக்ஸலில் பழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, துருவும் வந்தது. கடனில் வாங்கியவர்கள் அதைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுக்கப் போனபோது, பாக்கிக் கடனைவிடக் காரின் மதிப்பு குறைவு என்று தெரிந்துகொண்டார்கள். ரீசேல் செத்தால் பிராண்ட் செத்த மாதிரி. ஏனென்றால் அடுத்த காரை எந்தக் கடையில் வாங்குவது என்று அந்த நொடியில்தான் ஒருவர் முடிவெடுக்கிறார்.

1989-ல் கனடாவின் புரோமோன்ட்டில் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். 1993-ல் மூடினார்கள். அமெரிக்க விற்பனை சரிந்துகொண்டே போய், 1998-ல் சுமார் 90,000-க்கு வந்து நின்றது. "இந்தக் காரின் மதிப்பை இரண்டு மடங்காக்க என்ன வழி? டேங்கில் பெட்ரோலை நிரப்பு" என்ற ஜோக்கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். லாடா, யூகோ, ஸ்கோடா, ஹூண்டாய் என்று பெயரை மட்டும் மாற்றி மாற்றி உலகம் முழுக்கச் சொன்னார்கள்.

இந்த நாலு பேரில் மீண்டு வந்தது இரண்டு. ஸ்கோடாவுக்கு 1991-லிருந்து ஃபோக்ஸ்வாகன் என்ற பணக்காரப் புரவலர் கிடைத்தார். எஞ்சினும் அடிச்சட்டமும் அங்கிருந்து வந்தன. பிரிட்டனில் 2000-ல் தங்களையே கேலி செய்துகொள்ளும் விளம்பரங்களைப் போட்டு அந்தப் பழைய ஜோக்கைக் காலி செய்தார்கள். புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் "உள்ளே இருப்பது ஃபோக்ஸ்வாகன்" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. ஹூண்டாய்க்கு அப்படிக் காட்ட யாரும் இல்லை. அதனால்தான் இவர்கள் கதை எனக்கு இன்னும் சுவையாக இருக்கிறது.

1997-98 ஆசிய நிதி நெருக்கடியில் கொரியா ஆடிப்போனது. கியா திவாலானது, 1998-ல் ஹூண்டாய் அதை வாங்கியது. 1999-ல் நிர்வாகம் கைமாறியது. அதுவரை கார் கம்பெனியை நடத்தி வந்தவர் நிறுவனரின் தம்பி சுங் சே-யுங். "போனி சுங்" என்றே பெயர் வாங்கியவர். அவர் இடத்துக்கு நிறுவனரின் மகன் சுங் மோங்-கூ வந்தார்.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விற்பனையிலிருந்தோ டிசைனிலிருந்தோ வரவில்லை. 1970-களில் தொடங்கிப் பல வருடங்கள் அவர் பார்த்தது ஹூண்டாய் மோட்டார் சர்வீஸ், அதாவது விற்ற காரைப் பழுது பார்க்கும் பக்கம். தொழிற்சாலை வாசலில் பளபளவென்று போகிற கார், மூன்று வருடம் கழித்து எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று தினமும் பார்த்தவர். எந்த பாகம் அடிக்கடி போகும், எந்தப் போல்ட்டைக் கழற்றக் கை நுழையாது, வாடிக்கையாளர் எந்த இடத்தில் குரலை உயர்த்துவார் என்பதெல்லாம் சர்வீஸ் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் கார் கம்பெனிகளில் அவர்கள் குரல் மேலே போவது அபூர்வம். இங்கே சர்வீஸ் ஆளே தலைவராகிவிட்டார்.

அவரைப் பற்றி அப்போது பத்திரிகைகளில் வந்த ஒரு சம்பவம் உண்டு. உல்சான் தொழிற்சாலைக்குப் போனவர் ஒரு சொனாட்டாவின் பானெட்டைத் திறந்து பார்க்கிறார். ஒயர்கள் தொங்குகின்றன, ஹோஸ்கள் பின்னிக் கிடக்கின்றன, போல்ட்டுகள் நாலு நிறத்தில் இருக்கின்றன. போல்ட்டுகள் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும், பானெட்டுக்கு அடியில் எல்லாம் ஒழுங்காக இல்லாமல் ஒரு கார்கூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போடுகிறார்.

போல்ட் கறுப்பானால் கார் நன்றாக ஓடிவிடுமா என்று கேட்கலாம். ஓடாதுதான். ஆனால் ஒரே வேலைக்கு நாலு நிறப் போல்ட் என்றால் நாலு சப்ளையர், நாலு பூச்சு, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு சமையலறைக்குள் நுழைந்ததும் பாத்திரம் அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே அங்கே சாப்பிடலாமா என்று முடிவு செய்கிறோம் இல்லையா, அதுபோலத்தான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஆட்களைப் பல மடங்கு கூட்டி, நேரே தன்னிடம் பதில் சொல்ல வைத்தார். இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். தரம் பார்க்கிறவர் உற்பத்தி மேலாளரின் கீழ் இருந்தால், மாசக் கடைசியில் எண்ணிக்கை குறையும்போது அவர் வாய் மூடப்படும். எந்தத் தொழிற்சாலையிலும் இதுதான் நடக்கும்.

(அவரை மகானாக்க நான் வரவில்லை. கம்பெனிப் பணத்தைக் கையாடிய வழக்கில் 2006-ல் கைதாகி, 2007-ல் தண்டிக்கப்பட்டு, 2008-ல் மன்னிப்புப் பெற்றவர். அது வேறு கதை.)

சரி, வாரண்டிக்கு வருவோம். 1998 கடைசியில், 1999 மாடல்களுக்கென்று ஹூண்டாயின் அமெரிக்கப் பிரிவு ஒன்றை அறிவித்தது. எஞ்சின், கியர்பாக்ஸ் வகையறாவுக்கு 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல். மற்ற பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். அப்போது அந்தப் பிரிவின் தலைவர் ஃபின்பார் ஓ'நீல். அடிப்படையில் வக்கீல். சந்தையில் பொதுவாக 3 வருடம், 36,000 மைல் என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஹூண்டாய் தற்கொலை செய்துகொள்கிறது என்று பலர் நினைத்தார்கள்.

ஒரு வக்கீல் தலைமை தாங்கிய திட்டம் என்பதால் நிபந்தனைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்த 10 வருடம் முதல் உரிமையாளருக்கு மட்டும். காரை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு எஞ்சின் வாரண்டி 5 வருடம், 60,000 மைலாகச் சுருங்கும். அமெரிக்காவில் புதுக் கார் வாங்கி 10 வருடம் தானே வைத்திருப்பவர்கள் குறைவு. வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டினாலே எட்டு வருடம் சொச்சத்தில் 1 லட்சம் முடிந்துவிடும். ஆக, காதில் விழும்போது இருக்கும் பிரமாண்டம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருக்காது. வருடக் கணக்கு, மைல் கணக்கு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அது என்ற அந்த ஒரு வரியும், "முதல் உரிமையாளர்" என்ற அந்த இரண்டு சொல்லும் பெரும்பகுதி ஆபத்தைக் கத்தரித்துவிட்டன.

அப்படியும் மிச்சம் இருந்த ஆபத்து சின்னதல்ல. ஒரு கார் கம்பெனி காரை விற்கும்போதே, பின்னால் வாரண்டிக்கு இவ்வளவு செலவாகும் என்று கணித்து ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். கார் மோசமாக இருந்தால் அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு வருடமும் லாபத்தைத் தின்னும். அதுவரை எஞ்சின் நாலாவது வருடத்தில் போனால் அது வாடிக்கையாளரின் தலைவலி. இப்போது அது கம்பெனியின் தலைவலி. எஞ்சினியர் ஒருவர் "இந்த சீலுக்குப் பதில் கொஞ்சம் விலை கூடிய சீல் போடலாம்" என்று கேட்டால், கணக்குப் பிரிவு மறுக்க முடியாத காரணம் இப்போது அவர் கையில் இருந்தது. தரம் என்பது நல்ல எண்ணமாக இருந்த நிலை போய், பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்தது.

இதில் இன்னொரு ஆதாயம் உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. வாரண்டி முடிந்த காரை மக்கள் தெரு முனை மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள். என்ன பழுது என்று கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. வாரண்டி இருக்கும்வரை டீலரிடம்தான் வருவார்கள். டீலர் பணம் கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் ஒவ்வொரு பில்லிலும் எந்த பாகம், எத்தனை மைலில், எந்தப் பழுது என்று இருக்கும். ஆறாவது, ஏழாவது வருடத்தில் கார் எப்படி இருக்கிறது என்ற தகவல் சும்மா வந்து சேரும். செலவோடு சேர்த்துப் பாடமும் வரும்.

வாங்குபவர் பக்கம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "எங்கள் கார் நல்ல கார்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காசு செலவில்லை. கெட்ட கார் செய்பவர் சொல்லவே பயப்படும் ஒன்றைச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. விற்பனை 1999-லேயே ஏறியது, 2003-ல் 4 லட்சத்தைத் தொட்டது.

ஆனால் வாரண்டி மட்டும் போதும் என்றால் மற்றவர்களும் பிழைத்திருக்க வேண்டும். மிட்சுபிஷி அமெரிக்காவில் இதே 10 வருடம், 1 லட்சம் மைல் கொடுத்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கிரைஸ்லர் 2007-ல் ஒரு படி மேலே போய், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு ஆயுட்கால வாரண்டி என்றது. 2009-ல் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போனது, திட்டமும் நின்றது. வாக்குக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதற்குத் தகுந்த காரைக் கட்டுவது அஞ்சு வருட வேலை. ஹூண்டாய் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கியது, முதல் வேலை இரண்டாவதை முதுகில் தள்ளிக்கொண்டே இருந்தது.

கார் மாறியதற்கு என்ன ஆதாரம்? ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நடத்தும் தொடக்கத் தர ஆய்வு. புதுக் கார் வாங்கி முதல் 90 நாளில் என்னென்ன குறை கண்டீர்கள் என்று கேட்டு, 100 காருக்கு இத்தனை என்று எண்ணுவார்கள். 1998-ல் கொரியக் கார்களின் சராசரி 272. 2004-ல் 117. அதில் ஹூண்டாயை மட்டும் தனியாக எடுத்தால் 102. அந்த வருடம் டொயோட்டா 104. துறையில் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த எண் அது. 2006-ல் போர்ஷே, லெக்ஸஸ் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது இடம்.

இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. 90 நாள் என்பது காருக்குத் தேனிலவுக் காலம். அந்தக் கணக்கில் எஞ்சின் நின்றதும் ஒரு குறை, கதவு இடுக்கில் காற்றுச் சத்தம் வருவதும் ஒரு குறை. மூன்று வருடம் ஓடிய கார்களைப் பற்றி அதே நிறுவனம் நடத்தும் இன்னொரு ஆய்வு இருக்கிறது. அதில் ஹூண்டாய் அதே வேகத்தில் ஏறவில்லை, ஏறவும் முடியாது. 2004-ல் நன்றாகச் செய்த கார் 2007-ல்தானே மூன்று வயதாகும்? அதற்கும் பின்னால் வருவது செகண்ட் ஹேண்ட் விலை. அதற்கும் பின்னால் வருவது ஊர் வாய். தொழிற்சாலையில் நடந்த மாற்றம் பக்கத்து வீட்டுக்காரர் காதுக்குப் போய்ச் சேர ஏழெட்டு வருடம் ஆகும். அதுவரை நல்ல காரைக் கெட்ட காரின் விலைக்கு விற்றுக்கொண்டே காத்திருக்க வேண்டும். பல கம்பெனிகள் தோற்பது இந்தக் காத்திருப்பில்தான். இரண்டு வருடம் பார்த்துவிட்டு "தரத்துக்குச் செலவு செய்தோம், பலன் இல்லை" என்று பழையபடி மலிவு பாகத்துக்குப் போய்விடுவார்கள்.

எஞ்சின் பக்கமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் சொந்த எஞ்சினான ஆல்ஃபாவை ஹூண்டாய் 1991-ல்தான் கொண்டுவந்தது. 2002-ல் கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் ஹூண்டாயோடு கூட்டுச் சேர்ந்து ஒரு நாலு சிலிண்டர் எஞ்சினைத் தயாரிக்க ஒப்பந்தம் போட்டபோது, அதன் அடிப்படை வடிவம் ஹூண்டாயின் தீட்டா எஞ்சின். மிட்சுபிஷியிடம் எஞ்சின் வாங்கிப் போனி செய்தவர்கள், முப்பது வருடத்துக்குள் அதே மிட்சுபிஷிக்கு எஞ்சின் வடிவம் கொடுத்தார்கள். வாத்தியாருக்கே பாடம் எடுத்த மாதிரி.

2009 இந்தக் கதையின் உச்சம். அமெரிக்காவில் வேலைகள் பறிபோய்க்கொண்டிருந்த ஜனவரி மாதம், கார் வாங்கி ஒரு வருடத்துக்குள் வேலை போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஹூண்டாய் அறிவித்தது. மறுபடியும் அதே புத்தி: வாங்குபவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது. 1998-ல் பயம் எஞ்சின், 2009-ல் பயம் சம்பளம். அந்த வருடம் மொத்தச் சந்தை 21 சதவீதம் விழுந்தபோது ஹூண்டாய் 8 சதவீதம் ஏறியது. 2011-ல் திட்டம் முடியும்வரை திரும்பி வந்த கார்கள் சுமார் 350 மட்டுமே. இதே 2009-ல் ஜெனிசிஸ் என்ற பெரிய கார் வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் விருதை வாங்கியது. எக்ஸலை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் தலை சுற்றியிருக்கும்.

வெற்றிக் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அது பாதி உண்மைதான்.

ஹூண்டாயை வாத்தியாராக உயர்த்திய அதே தீட்டா குடும்பத்தில் அடுத்து வந்த தீட்டா 2 எஞ்சின்தான் பிறகு மானத்தை வாங்கியது. அலபாமாவின் மான்ட்கோமரியில் 2005-ல் திறந்த தொழிற்சாலையில் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது, எண்ணெய் போகும் துளைகளில் உலோகத் துகள்கள் தங்கிவிட்டன. அந்தத் தண்டைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எண்ணெய் போகாமல், பேரிங் தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும் அபாயம். 2015-ல் 2011, 2012 மாடல் சொனாட்டாக்கள் சுமார் 4,70,000-ஐ ரீகால் செய்தார்கள், அதாவது பழுதைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து இன்னும் சுமார் 12 லட்சம். ரீகாலைத் தாமதமாகவும் அரைகுறையாகவும் செய்தார்கள் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பிடித்தது. 2020-ல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 21 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் ஹூண்டாயின் சொந்த எஞ்சினியர் ஒருவர். 2021-ல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

அது போதாதென்று, சாவி போட்டுத் திருகும் மலிவு மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத கருவி, வைக்காமல் விட்டிருந்தார்கள். காசு மிச்சம். 2021-க்குப் பிறகு அந்தக் கார்களை எப்படித் திருடுவது என்று வீடியோக்கள் பரவி, திருட்டு கூடி, அதற்கும் கோடிக்கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, 90 நாள் ஆய்வில் இம்மொபிலைசர் இல்லாதது ஒரு குறையாக வராது. எந்த வாடிக்கையாளரும் அதைப் புகாராகச் சொல்ல மாட்டார். துளைக்குள் தங்கிய உலோகத் துகளும் அப்படித்தான், 90 நாளில் சத்தம் போடாது. கியா 2016-ல் அந்த ஆய்வில் முதலிடமே வாங்கியது. சொகுசு அல்லாத பிராண்ட் ஒன்று முதலிடம் பிடித்து அப்போது 27 வருடம் ஆகியிருந்தது. அதே சமயத்தில்தான் ரீகாலும் ஓடிக்கொண்டிருந்தது. அளக்கப்பட்ட இடத்தில் கடுமையாக உழைத்தார்கள், அளக்கப்படாத இடத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள் என்பது என் வாசிப்பு.

ஆனாலும் 1990-கள் போல விற்பனை சரியவில்லை. காரணம், அதற்குள் இருபது வருடம் ஓடிய நல்ல கார்கள் ரோட்டில் சாட்சியாக இருந்தன.

அந்த தீட்டா 2 எஞ்சினுக்காகக் கார் உரிமையாளர்கள் போட்ட வழக்கைத் தீர்க்க ஹூண்டாய் கடைசியில் ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று, பாதிக்கப்பட்ட கார்களின் எஞ்சின் அடிப்பகுதிக்கு ஆயுட்கால வாரண்டி. இந்த முறை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கும் சேர்த்து.